கடலை அடித்த தெரு

கடலை முதன்முதலில் அடித்தவள் ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கும் வேலை பார்த்தவள். அடி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவளுடைய சமையலறையில். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்சுவர் இடிந்து மூன்று மாதமாகியிருந்தது. அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஓர் அலை தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது, அடுப்பை அணைத்தது, அரிசி டப்பாவைக் கவிழ்த்தது, திரும்பிப் போகாமல் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. அன்றைக்கு அவளுக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. கதவோரம் சாய்த்து வைத்திருந்த மரச் சம்மட்டியை எடுத்து அலையின் கழுத்தில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அலை ஐஸ் கட்டி மாதிரி விரிசல் விட்டு மூன்று துண்டாகத் தரையில் விழுந்தது. உடைந்த இடத்திலிருந்து கருநீலமாக, வெதுவெதுப்பாக ஏதோ கசிந்தது. கடல் ஒரு சத்தம் போட்டது. அதைக் கேட்டவர்கள் தெருவில் பதினாறு பேர். வாலை மிதித்தால் நாய் போடுகிற சத்தம் என்றுதான் பதினாறு பேரும் சொன்னார்கள். பிறகு கடல் பதினோரு அடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கரையில் இரண்டு தெருக்கள், ஒரே கோட்டில், முனையோடு முனை. தெற்குத் தெருவின் கடைசி வீடு இந்த ஐஸ்காரியுடையது. அதற்கு அடுத்து வண்டி திரும்புகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதைத் தாண்டினால் வடக்குத் தெரு. வீடுகளுக்குப் பின்னால் கடல். முன்னால் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் லாரிகள் நிறுத்தும் மைதானம். மைதானம் முன்பு சதுப்பு நிலமாக இருந்தது. குப்பையையும் இடிந்த வீடுகளின் கல்லையும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் இந்த இரண்டு தெருக்களுக்கும் கடலுக்கும் நடுவே இன்னும் மூன்று தெருக்கள் இருந்தன. முதலாவதை ஒரே புயல் வாரிக்கொண்டு போனது. இரண்டாவது பதினாறு வருஷம் எடுத்துக்கொண்டு, வீடு வீடாக, அவசரமில்லாமல் போனது. மூன்றாவதில் பள்ளிக்கூடம் இருந்தது. அது கோடை விடுமுறையில் போனதால் பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். ஜனங்கள் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டார்கள். கட்டில் காலுக்கு ஒரு செங்கல் வைத்தார்கள், அடுத்த வருஷம் இரண்டு வைத்தார்கள். மின்சார சுவிட்சுகளை உத்தரத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, விளக்குப் போட ஸ்டூல் மேல் ஏறினார்கள். வீட்டுப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்கினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கத்து அளவுக்காரர் வந்து, டேப் பிடித்து, எவ்வளவு போயிருக்கிறது என்று எழுதிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அவருக்கு மட்டும் சாணும் முழமும் சரியாக இருக்க வேண்டும்.

மீன் ஏலம் போடுகிறவருக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். தெற்குத் தெருவின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பது அவர்தான். அன்றைக்கும் வந்து, சமையலறையில் குனிந்து, அலைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது அவர் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு வெறும் உப்புத் தண்ணீராக வழிந்தது.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க," என்றார். "இத்தனை வருஷமா இதுகிட்ட கெஞ்சிட்டுல்ல இருந்திருக்கோம்!"

மறுநாளிலிருந்து தெருவில் முறை வைத்துக்கொண்டார்கள். கடல் ஏறுகிற நேரத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் கரையில் நிற்க வேண்டும், அவரவர் வீட்டுக்கு நேரே, அவரவர் கைக்குப் பழகிய சாமானோடு. ஐஸ்காரியின் புருஷன் படகு மோட்டார் மெக்கானிக். வேறு நாட்களில் வீட்டு வேலைக்குக் கூப்பிட்டால் கிடைக்காத ஆள், பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு முதல் ஆளாக வந்து நின்றான். பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீளப் பலகையைக் கொண்டுவந்தார். லாரி டிரைவர் ஜாக்கி லீவர். பள்ளிக்கூடம் போனதிலிருந்து கை அரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் ரூல்தடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் வாங்கிய அலைகள்தான் அதிகமாக அழுதன. எங்கே அடிப்பது என்று சொல்லிக்கொடுத்தது ஐஸ்காரி. எந்தக் கட்டிக்கும் உள்ளே ஒரு கோடு ஓடும், அந்தக் கோடு தெரிந்தால் ஒரு தட்டு போதும், தெரியாதவன் நாள் முழுக்க அடித்துக் கை வீங்குவான் என்பது ஆலையில் இருபது வருஷம் கட்டி உடைத்துக் கற்றது. அலைக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. முதுகு புடைத்து வரும்போது அடித்தால் பிரயோஜனமில்லை. நுரை தள்ளுவதற்கு ஒரு நொடி முன்னால், கழுத்தில்.

இரண்டு வருஷத்தில் நூற்று நாற்பது அடி மணல் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பம் முதலில் தலைகாட்டியது, பிறகு கரும்பலகை. அதில் பாதியில் நின்ற ஒரு பெருக்கல் கணக்கு அழியாமல் இருந்தது. வாத்தியார் போய் அதைப் போட்டு முடித்தார். கடலுக்கு இடது கால் இழுக்க ஆரம்பித்தது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்து, ஆட்கள் நிற்பதைப் பார்த்தால் தயங்கி, கரையைத் தொட்டும் தொடாமலும் திரும்பியது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இங்கே கடலே நகர்ந்தது. தெருவில் வீட்டுச் சண்டைகள் குறைந்தன. பெண்டாட்டியோடு மனஸ்தாபம் வந்தவன் கரைக்குப் போனான்; மாமியார் பேச்சு பொறுக்காதவள் துடைப்பத்தோடு போனாள்; முறை இல்லாத நாளிலும் கூட்டம் இருந்தது. மறைத்துப் பயனில்லை, ஐஸ்காரிக்கும் அது பிடித்திருந்தது. சம்மட்டி கழுத்தில் இறங்குகிற நொடியில் தோள் வரைக்கும் ஓடுகிற அந்தச் சுகத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒரு முறையைக்கூட விட்டுக்கொடுக்கவும் இல்லை.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள். தெற்குத் தெருவில் விலகியது. விலகியது எங்கேயாவது போகத்தானே வேண்டும்? அது வடக்குத் தெருவுக்குப் போனது. போனது என்றால் வெள்ளமாகப் போகவில்லை. வாங்கிய அடியை அப்படியே எடுத்துக்கொண்டு போய், பலவீனமாகக் கிடந்த அந்தத் தெருவின் ஆட்கள் மேல் இறக்கியது. வீட்டில் அடி வாங்குகிற பிள்ளை தெருவில் சின்னதுகளை அடிப்பதில்லையா, அது போலத்தான். ஒருவன் பல் தேய்க்க வாசலுக்கு வருவான். ஜன்னல் உயரத்துக்கு ஓர் அலை எழும்பி வந்து முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போகும். வடக்குத் தெருவின் கறிக்கடைக்காரர் நெற்றியில் 17 என்ற எண் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிப் பதிந்தது. தபால்காரருக்கு முதுகில் ரொட்டிப் பலகை அளவுக்கு ஒரு தடிப்பு. ஒரு குடும்பத்தில் ஏழு பேருக்கும் உள்ளங்கையில் ரூல்தடி வரிகள். அதில் மூன்று மாதக் குழந்தையும் சேர்த்தி. மருந்து போட்ட கம்பவுண்டருக்கு ஒரு வாரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு தெருவிலும் அவருக்கு நோயாளிகள் இருந்ததால் வாயைத் திறக்காமல் இருந்தார்.

ஐஸ்காரியின் தங்கை வடக்குத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தையல்காரி. அம்மா செத்தபோது அவளுக்கு ஆறு வயது. தலைவாரி, சோறூட்டி, அடித்து, அணைத்து வளர்த்து, கட்டிக்கொடுத்தது எல்லாம் அக்காதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. தங்கையும் தங்கையின் ஒன்பது வயது மகளும்தான் அவளுக்கு உலகத்தில் இருந்தவர்கள். புருஷன் அதற்கு அப்புறம். தங்கை புருஷன் சலூன் வைத்திருந்தான், வாய் ஓயாத ஆள், கத்தியைவிட நாக்கு கூர்மை. ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, வாடிக்கையாளர் ஒருவரின் பாதி முகத்தை மழித்து முடித்து, மீதிப் பாதிக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தபோது, ஓர் அலை சலூன் ஜன்னல் வழியாக வந்து அவனுடைய விலாவில் ஒரே ஒரு அடி அடித்தது. வாடிக்கையாளர் மேல் ஒரு துளி படவில்லை. கம்பவுண்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சாண் அகலத்தில் சதுரமாக ஒரு கறுப்பு, அதில் ஒரு மூலை இல்லை. உள்ளே நான்கு எலும்புகள் பொடியாகியிருந்தன.

மறுநாள் மத்தியானம் தங்கை வந்தாள். அழுதிருந்த முகமில்லை. கையில் ஒரு துணி இருந்தது. புருஷனின் விலாவில் துணியை விரித்து, அந்தக் கறுப்பைச் சுற்றித் தையல் சுண்ணாம்பால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டி எடுத்து வந்திருந்தாள்.

"அக்கா, அந்தச் சம்மட்டியைக் குடு."

ஐஸ்காரி எடுத்துக் கொடுத்தாள். தங்கை அதைத் தரையில் நிறுத்தி, அதன் முகத்தில் துணியை வைத்தாள். பழைய கட்டி ஒன்றை உடைத்தபோது சம்மட்டியின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. துணி அங்கேயும் சரியாக உட்கார்ந்தது.

"நேத்து பதினோரு மணிக்கு யார் முறை?"

"என்னோடது."

"ஓங்கி அடிச்சியா?"

ஐஸ்காரிக்குப் பொய் வரவில்லை. "ஓங்கித்தான் அடிச்சேன்."

"தெரிஞ்சுது," என்றாள் தங்கை. துணியை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். சலூன்காரன் புதன்கிழமை செத்தான். கடைசி இரண்டு நாளும் அவன் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்ததுதான் தெருவுக்கே பெரிய பயமாக இருந்தது. ஐஸ்காரி சாவுக்குப் போனாள்; தங்கை அவள் பக்கமே திரும்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

ஐஸ்காரி சம்மட்டியைக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். இனி அடிக்க மாட்டேன் என்று தெருவில் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், உச்சுக்கொட்டினார்கள், கடல் ஏறுகிற நேரம் வந்ததும் சாமானை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்கள். அவனவன் அடித்த அடி யார் மேல் போய் விழுந்தது என்று யாரும் விசாரிக்க விரும்பவில்லை. மைக்செட் மட்டும் வீடு தேடி வந்தார்.

"உன் வீட்டுக்கு நேரா ஆள் இல்லேன்னா அந்த ஓட்டை வழியா மொத்தக் கடலும் உள்ள வரும். முதல்ல போறது உன் வீடு. அப்புறம் எங்க எல்லாருதும். யோசிச்சுக்க."

அவள் யோசிப்பதற்குள் வடக்குத் தெரு யோசித்துவிட்டது. தையல்காரியின் துணியைப் பார்த்த மற்றவர்களும் அவரவர் தழும்பை அளந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அறுபது பேர் இரண்டு தெருக்களுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் வந்து நின்றார்கள், துடுப்பும் கம்பியும் கறிவெட்டும் கத்தியுமாக. சண்டை ஒரு மணி பத்து நிமிஷம் நடந்தது. கறிக்கடைக்காரர் ஸ்பேனர்காரனைத் தேடிப் பிடித்து, அவன் வலது கையைக் கல்லில் வைத்து நான்கு விரலையும் ஒவ்வொன்றாக உடைத்தார், தன் நெற்றியை அவன் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டே. வாத்தியாரின் ரூல்தடி வாத்தியார் மண்டையிலேயே முறிந்தது. பேக்கரிக்காரரை அவருடைய பலகையாலேயே முகம் தெரியாமல் அடித்துக் கொன்றார்கள். அவர் தம்பி, கொன்றவர்களில் ஒருவனைத் துரத்திப்போய், தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கால் உதைப்பு நிற்கும் வரைக்கும் பிடித்திருந்தான். லாரி டிரைவர் லீவரைச் சுழற்றியதில் வடக்குத் தெருவின் இருபது வயதுப் பையன் ஒருவனுக்குத் தாடை தனியே வந்தது. அவன் மாலைக்குள் செத்தான். யாரோ வைத்த தீயில் தையல்காரியின் வீடு எரிந்து, அவளும் மகளும் அந்தத் தெருவிலேயே வேறொரு வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள். அந்த ஒரு மணி பத்து நிமிஷமும் கடல் ஓர் அலைகூட எழுப்பவில்லை. கரையோரம் வரை வந்து, தட்டையாகப் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. மனுஷன் மனுஷனை அடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் அது அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. சண்டை ஓய்ந்ததும் ஒரு சின்ன அலை வந்து இடைவெளியில் கிடந்த ரத்தத்தைக் கழுவிவிட்டுப் போனது.

மூன்று பிணம் விழுந்த பிறகாவது புத்தி வரும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தெருக்களைத் தெரியாது. தெற்குத் தெரு காவலுக்கு ஆள் போட்டுக்கொண்டு இரட்டை முறையாக அடித்தது. சண்டை நடந்து ஒன்பதாம் நாள், ஐஸ்காரி ஆலையில் வேலையில் இருக்கும்போது, தங்கை மகள் வந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளிச் சீருடையில் இருந்தாள். கட்டிகள் சறுக்கி வரும் பலகைக்குப் பக்கத்தில் நின்று, முதுகைத் திருப்பி, சட்டையைத் தோள் வரை தூக்கிக் காட்டினாள்.

"பெரியம்மா, இது உன்னோடதா பாரு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

சதுரம், ஒரு மூலை இல்லை. ஆனால் வெளிறிப் போய், கோணலாக இருந்தது, இடது கையால் அடித்த அடி. ஐஸ்காரி குழந்தையின் சட்டையைக் கீழே இறக்கிவிட்டாள். ஐஸ் தண்ணீர் ஓடும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனாள். மெக்கானிக் கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சம்மட்டி ஈரமாக இருந்தது.

"நாலே நாலு அடிடி," என்றான். "மெதுவாத்தான். நம்ம வீட்டை விட்டா நமக்கு வேற என்ன இருக்கு சொல்லு?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த வீட்டை இருவரும் சேர்ந்து பதினான்கு வருஷம் கட்டியிருந்தார்கள். அவள் ஆலைக்குத் திரும்பி, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி, கூரைமேல் நின்றாள். அங்கிருந்து இரண்டு தெருக்களும் மைதானமும் ஒரு பெரிய கட்டியைக் கிடத்தி வைத்த மாதிரி தெரிந்தன. இருபது வருஷமாகக் கட்டியைப் பார்த்த கண், கோட்டைத் தேடியது. கிடைத்தது. கடலிலிருந்து புறப்பட்டு, அவளுடைய சமையலறை வழியாக, கூடம் வழியாக, முன்வாசல் வழியாக, தெருவைக் கடந்து, மைதானத்தில் மழைக்குப் பிறகு எப்போதும் தண்ணீர் தேங்குகிற அந்த நீளப் பள்ளத்தின் மேல் ஓடி, பழைய சதுப்பில் போய் முடிந்தது. கடலுக்கு வேண்டியது அந்த வழிதான். ஊரே சேர்ந்து அதன் மேல் குப்பையைக் கொட்டியது. அவளும் புருஷனும் அதன் மேல் வீட்டைக் கட்டினார்கள். இத்தனை வருஷமும் அது கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கூரைமேல் நின்று அழுதாள், பேக்கரிக்காரருக்காகவும் சலூன்காரனுக்காகவும், கொஞ்சம் தன் வீட்டுக்காகவும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கடல் ஏற ஆரம்பித்தபோது, அவள் பாத்திரங்களையும் துணிமணிகளையும் பக்க அறைகளில் அடுக்கிவிட்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரை உடைத்தாள். கோடு தெரிந்ததால் நான்கே அடியில் விழுந்தது. அடுத்து முன்சுவரில் கை வைத்தாள். சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. மைக்செட் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது.

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு? எல்லாரையும் கொல்லப் பாக்கறியா?"

"வழி விட்டா அது யாரையும் அடிக்காது. அடிச்சுப் பாத்தோம்ல, போதும்," என்றாள் அவள்.

போதாது என்று அவர்கள் நினைத்தார்கள். கடலை அடித்துப் பழகிய கைகள், கழுத்து எங்கே இருக்கிறதென்று தெரிந்த கைகள். லாரி டிரைவரின் லீவர் அவளுடைய தோள்பட்டை எலும்பை ஒரே அடியில் முறித்தது. வாத்தியார் புது ரூல்தடியால் மணிக்கட்டில் அடித்துச் சம்மட்டியை விழவைத்தார். மெக்கானிக் என்ன நினைத்தானோ, இவ்வளவு நேரம் படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், எழுந்து வந்து அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். பிறகு விழுந்த அடியில் பெரும்பாலானவற்றை அவன் முதுகு வாங்கியது. யாரோ ஒரு பெண் துடைப்பக் கட்டையால் ஐஸ்காரியின் காலில் அடித்துக்கொண்டே அழுதாள். எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். பாதிப் பேருக்கு அவள் வீட்டிலிருந்து ஐஸ் போயிருக்கிறது, ஜுரத்துக்கு நெற்றியில் வைக்க.

அப்போதுதான் தையல்காரி இடைவெளியைத் தாண்டி வந்தாள். அன்று காலை மகளுக்குப் புதுச் சட்டைக்கு அளவெடுக்கும்போது முதுகைப் பார்த்திருந்தாள். கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது, அளவெடுக்கும் டேப் கழுத்திலேயே தொங்கியது. புருஷனுக்காக வருகிறாள், இது அவள் உரிமை என்று தெற்குத் தெரு அடிப்பதை நிறுத்தி வழிவிட்டது. அவள் மூச்சு வாங்க நின்று அக்காவைப் பார்த்தாள். ஐஸ்காரியின் வாயில் ரத்தம் இருந்தது, பேச வரவில்லை. முறியாத கையைத் தூக்கி, முன்சுவரில் கதவுக்கு வலப்புறம் ஓர் இடத்தைக் காட்டினாள். தங்கை இடிந்த உள்சுவரையும் அதற்கு அப்பால் ஏறிவரும் கடலையும் பார்த்தாள், கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். சம்மட்டியை எடுத்தாள், புருஷனைக் கொன்ற அதே சம்மட்டியை. காட்டிய இடத்தில் அடித்தாள். அவளுக்குப் பழக்கமில்லாததால் ஒன்பது அடி தேவைப்பட்டது. ஒவ்வோர் அடிக்கும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருவரும் கிட்டே போகத் துணியவில்லை. ஒன்பதாவது அடியில் சுவர் மூன்றாகப் பிளந்து தெருப்பக்கம் சாய்ந்தது.

கடல் வந்தது. சமையலறை வாசலில் ஒரு கணம் நின்று, சம்மட்டி பிடித்திருந்தவளைப் பார்த்து உடம்பைக் குறுக்கிக்கொண்டது. அவள் கையைத் தாழ்த்தினாள். அது கூடத்தில் நுழைந்து, தரையில் கிடந்த இருவரையும் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கித் தெருவைக் கடந்தது. மைதானத்தில் இரண்டு லாரிகள் உருண்டன. குப்பை மேடு கரைந்து, அடியிலிருந்த பழைய சேறு வெளியே வந்து மூச்சுவிட்டது. ஆறு மணி நேரம் கடல் போய்க்கொண்டே இருந்தது. வடக்குத் தெருவில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. தெற்குத் தெருவில் வீடுகள் அப்படியே நின்றன. கரையில் ஆயுதத்தோடு நின்றவர்கள் வேலையில்லாமல் மத்தியானம் வரை நின்றுவிட்டு, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அதற்குப் பிறகு கடல் யாரையும் அடிக்கவில்லை. முதல் வருஷத்தில் மைக்செட்டை மட்டும் ஒருமுறை கன்னத்தில் அறைந்தது; அதை அவர் உட்பட யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் நடுப்பகுதி போய், இரு பக்கமும் ஓர் அறை மிஞ்சியது. இடது அறையில் ஐஸ்காரியும் மெக்கானிக்கும் இருந்தார்கள். வடக்குத் தெருவில் குடியிருந்த இடம் சண்டையில் எரிந்துபோயிருந்ததால், தையல்காரி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், வலது அறையில் போட்டுக்கொண்டாள். நடுவில் கடல் நாளைக்கு இரண்டு தடவை போய் வந்தது, இழுக்கிற காலோடு. அது வரும் நேரத்தைச் சுவரில் எழுதி வைத்தார்கள். ஒரு பலகையை மேலே போட்டுக் குழந்தை இரண்டு அறைக்கும் நடமாடினாள். உப்பு இருக்கிறதா, வாடகை மெஷின் ரிப்பேருக்குப் பெரியப்பா வருவாரா, அம்மாவுக்கு ஜுரமா என்பதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போய் வந்தன. மெக்கானிக்கின் முறிந்த விரல்கள் கோணலாகச் சேர்ந்தன, அதனால் சின்ன போல்ட்டுகளைக் குழந்தைதான் முடுக்கிக் கொடுத்தாள். அளவுக்காரர் வந்து, வாசலில் நின்று, டேப்பை எங்கே பிடிப்பது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் படிவத்தில் 'குடியிருப்போர்' என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினார். மனிதர்கள் நாலு பேர்தானே என்று யாரும் அவரைத் திருத்தவில்லை. மற்றத் தெருக்காரர்களும் தங்கள் வீடுகளுக்கு நடுவே, கோடு ஓடுகிற இடமாகப் பார்த்து, ஒவ்வொரு சந்து விட்டுக்கொண்டார்கள். அடித்தவர்கள் அடித்ததைப் பற்றிப் பேசுவதில்லை. லாரி டிரைவர் ஒருநாள் வந்து கூடத்துக்கு இரண்டு பக்கமும் படி கட்டிக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அக்காவும் தங்கையும் நாலு வருஷம் பேசவில்லை. ஐந்தாம் வருஷம் ஒரு சாதாரண வியாழக்கிழமை, ஐஸ்காரி வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்து, படியில் உட்கார்ந்து, கால்களைக் கூடத்தில் நீட்டியபடி கண்ணயர்ந்துவிட்டாள். எதிர் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றது.

"அக்கா, காலைத் தூக்கிக்க. வருது."

ஐஸ்காரி காலைத் தூக்கிக்கொண்டாள். கடல் போயிற்று.